சப்பாத்துப் பெட்டியைத் திரும்பப் பார்க்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பார்சல் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. சால்வையை அம்மா அப்போதே எடுத்துக்கொண்டு போயிட்டா. நான் நயாகராப் போஸ்ட்காட் ஃபோல்டரோடு மேசையில் இருந்தவன், இரவுச் சாப்பாட்டுக்குத்தான் எழும்பினேன். நல்ல வடிவான சாமான். மட்டையை மூடும் நாக்கு கிழியவில்லை, மடிப்புகளில் ஒருவரும் டேப் ஒட்டவில்லை, பதினெட்டுப் படமும் அப்படியே இருக்கு. பின்பக்கத்தில் விற்ற மனிசன் பென்சிலால் "1920கள்" என்று எழுதியிருக்கிறாரே, அதை மட்டும் நம்பாதே. உது 1943க்கும் 1948க்கும் இடையில் அச்சடித்தது. எப்படிப் பிடித்தேன் என்று விபரமாக எழுதுகிறேன். அதே ஆளிடம் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இப்படிக் கிடக்கு என்று போனில் சொன்னாய். நீ திரும்பவும் அங்கே போகாமல் இருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அவர் ஏன் அப்படி எழுதினார் என்பதும் விளங்குது. ஏழாவது படத்தில், அருவிக்குப் பக்கத்துக் கோட் தீவு றோட்டில், கூரை துணியாலான பழைய கார் ஒன்று நிற்குது. அதைப் பார்த்திட்டுக் காலத்தைப் போட்டுவிட்டார். தனிப் போஸ்ட்காட் என்றால் அது ஓரளவு சரி. ஃபோல்டர் வேறு சாதி. நீளமான ஒரே தாளில் இரண்டு பக்கமும் படங்களை அச்சடித்து, விசிறிமட்டை போல மடித்து, மட்டைக்குள் ஒட்டி விற்றார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் படம்பிடிக்க ஆள் அனுப்பினால் கட்டுபடியாகுமா? கையிருப்பில் இருந்த பழைய படங்களுக்கே புது நிறம் பூசி, இரண்டு மூன்று புதுப் படங்களைச் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். ஆகவே ஃபோல்டரில் மிகப் பழையது எது என்று தேடாதே, மிகப் புதியது எது என்று தேடு. கலியாண குறூப் போட்டோவில் தாத்தா நிற்கிறார் என்பதற்காகக் கலியாணம் தாத்தா காலத்தில் நடந்தது என்று சொல்ல ஏலாதே.

இந்த ஃபோல்டரில் மிகப் புதியது பாலம். பதினோராம் படத்தைப் பார்த்த உடனேயே எனக்கு 1920கள் போய்விட்டது.

நயாகராவில் அருவிக்குக் கிட்ட இருந்த பழைய பாலம் 1898இல் கட்டியது. சனங்கள் அதை ஹனிமூன் பாலம் என்று சொல்வார்கள். இரும்புச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் பின்னிய வளைவு. கால்கள் ஆற்று மட்டத்துக்கு அண்மையில். 1938 ஜனவரியில் ஈரி ஏரிப் பக்கம் அடித்த காற்று பனிக்கட்டிகளை அள்ளிக்கொண்டுவந்து அருவியால் கொட்டியது. கீழே பள்ளத்தாக்கில் அவை மலைமலையாகக் குவிந்து பாலத்தின் கால்களை நெரித்தன. 27ஆம் திகதி பாலம் முழுதாக விழுந்தது. முதலே போக்குவரத்தை மறித்துவிட்டதால் ஒருவரும் சாகவில்லை. விழுந்த இரும்பு கன நாள் பனிக்கட்டிமேலேயே கிடந்து, வசந்தத்தில் பனி உருகத்தான் தாண்டது. பிறகு கட்டிய ரெயின்போ பாலம் 1941 நவம்பர் 1ஆம் திகதி திறந்தது. அதன் கால்களைப் பனி எட்டாத உயரத்தில் பாறையில் ஊன்றினார்கள். வளைவும் பின்னல் இல்லாத, மெல்லிய, மழமழப்பான வளைவு. லண்டன் மாமா குடும்பம் வந்தபோது நாங்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்தோமே, அதுதான்.

எனவே நயாகரா ஃபோல்டர் எது கிடைத்தாலும் முதலில் பாலத்தைத் தேடு. பின்னல் வளைவு மட்டும் இருந்தால் அநேகமாக 1938க்கு முந்தியது. மழமழப்பான வளைவு இருந்தால் 1941ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. ஏன் "ஒட்டி" என்கிறேன் என்றால், பாலம் முடிய முதலே வரைபடத்தைப் பார்த்து ஓவியன் கீறிவிடலாம். உந்த அச்சகக்காரருக்கு அதெல்லாம் பெரிய காரியமில்லை. மின்கம்பியை அழிப்பார்கள், வானத்துக்கு முகில் வைப்பார்கள், பகலில் எடுத்த படத்தை நீலமாக்கி இராப் படம் என்று விற்பார்கள். உன் ஃபோல்டரிலேயே இருக்கு: பதினாலாம் படத்தில் நிலா இடப்பக்கம் நிற்குது, மரங்களின் நிழலும் இடப்பக்கமே விழுது. பூதக்கண்ணாடியோடு பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னவென்று கேட்டா, காட்டினேன், "உதுக்கோ இவ்வளவு நேரம்" என்றுவிட்டுப் போயிட்டா.

பாலம் கீழ் எல்லையைத் தந்தது. மேல் எல்லையைத் தந்தது முத்திரை ஒட்டும் கட்டம். அதற்குள் சின்ன எழுத்தில் செய்தி எழுதாவிட்டால் 1½ சதம், எழுதினால் 3 சதம் என்று அச்சடித்திருக்கு. அமெரிக்காவில் செய்தி எழுதாத அச்சுச் சாமானை மூன்றாம் வகுப்பில் ஒன்றரைச் சதத்துக்கு அனுப்பக்கூடியதாக இருந்தது 1925இல் இருந்து 1948 முடியும்வரை. 1949 பிறந்ததோடு அது இரண்டு சதமாகிவிட்டது. கடிதக் கட்டணம் 3 சதமானது 1932இல். ஆக, இந்த இரண்டு எண்ணும் ஒரே கட்டத்தில் சேர்ந்து நின்றால் அது 1932க்கும் 1948க்கும் இடைப்பட்டது. உது அமெரிக்கப் பக்கத்து ஃபோல்டருக்கு மட்டும்தான். எங்கள் கனடாக் கரையில் அச்சடித்ததற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

மிச்சத்தை வெளியீட்டாளரின் விலாசம் சொல்லிவிட்டது. பஃபலோ என்ற ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரு "3" நிற்குதே, கண்டாயா? அமெரிக்கத் தபால்காரர் பெரிய நகரங்களை வலயங்களாகப் பிரித்து எண் கொடுத்தது 1943 மே மாதத்தில். அந்த எண் இல்லாவிட்டால் முந்தியதாக இருக்கலாம், இருந்தால் கட்டாயம் பிந்தியது. ஐந்து இலக்கத்தில் ஸிப் கோட் (பிறகு வந்த தபால் எண்) இருந்தால் அது 1963க்குப் பிறகு, உனக்கு வேண்டாம், வைத்துவிடு.

இவ்வளவுக்கும் தபால் முத்திரையில் 1951 என்று தெளிவாகக் குத்தியிருக்கு. கனபேர் அதைப் பார்த்து ஃபோல்டரின் வயதே அதுதான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். கடைக்காரன் பழைய சரக்கை வருடக்கணக்காகச் சுழல்தட்டில் வைத்து விற்றிருப்பான். வாங்கினவர் ஒன்றரைச் சதக் கட்டத்தில் இரண்டு சத முத்திரை, சிவப்பு ஜோன் அடம்ஸ், ஒட்டியிருக்கிறார். கட்டணம் ஏறிவிட்டது, மட்டை ஏறவில்லை. நாக்கின் உள்பக்கத்தில் எழுத இடம் விட்டிருந்தும் ஒரு சொல்லும் இல்லை; எழுதினால் இன்னொரு சதம் கூடப் போயிருக்கும். அந்த மனிசருக்காவது ஒரு சதம் மிச்சம். உன்னுடைய பார்சலுக்குள்ளும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை, கனடா போஸ்ட் அதற்குக் கழிவு ஏதும் தந்ததா?

சரி, இனிப் பெட்டிக்கு வருவோம். மட்டையில் பெரிய எழுத்தில் ஊரின் பெயரும், ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் ஒரு காட்சியுமாக இருந்தால், அது சிக்காகோவில் இருந்த கர்ட் டீச் கம்பனியின் வேலையாக இருக்கலாம். 1898இல் தொடங்கி 1978இல் மூடிய அச்சகம். அவர்களின் சாமானில் காலம் பிடிப்பது சுகம். சின்ன எழுத்தில் ஒரு குறி இருக்கும்: ஏ என்றால் 1930கள், பி என்றால் 1940கள், சி 1950கள், டி 1960கள். எழுத்துக்கு முன்னால் நிற்கும் இலக்கம் வருடம். 5ஏ என்றால் 1935, 3பி என்றால் 1943. அவ்வளவுதான். எனக்கென்றால் உண்மையில் அதில் அவ்வளவு உற்சாகம் இல்லை. விடையைப் பின்பக்கத்தில் எழுதித் தந்த கணக்கில் என்ன இருக்கு? அவர்களின் பழைய ஆவணங்கள் இப்போது சிக்காகோ நியூபெரி நூலகத்தில் இருக்கு. நீ வேலை விஷயமாக அங்கே போனால் எட்டிப் பார்.

நயாகரா என்றால் இன்னும் சில அடையாளம் மனத்தில் வைத்துக்கொள். பூக்களால் செய்த மணிக்கூடு இருந்தால் 1950க்குப் பிறகு. நீ சின்னனில் ஏறமாட்டேன் என்று அழுத ஸ்கைலோன் கோபுரம் நின்றால் 1965 அல்லது அதற்குப் பிறகு. கனடாக் கரையில் மேப்பிள் இலைக் கொடி பறந்தாலும் அதே கணக்கு, அந்தக் கொடி ஏறியது 1965 பெப்ரவரி 15. அமெரிக்க அருவிக்குப் பக்கத்தில் புறொஸ்பெக்ட் முனை இருக்கு, அதைக் கொஞ்சம் உற்றுப் பார். 1954 ஜூலை 28இல் அதில் சுமார் 185,000 தொன் பாறை பிரிந்து கீழே போனது. பழைய படங்களில் அருவியின் உதட்டோடு கம்பிவேலி ஓடும், சனம் அதில் சாய்ந்து நிற்கும். புதிய படங்களில் அந்த இடமே வெட்டுண்டு கிடக்கும். அருவிக்குக் கிட்டச் சனங்களைக் கூட்டிப்போகும் மெயிட் ஒஃப் த மிஸ்ட் படகைப் புகைபோக்கியோடு கண்டால் படம் 1955 ஏப்ரலுக்கு முந்தியது. பழைய மரப் படகுகள் இரண்டும் அந்த மாதம் எரிந்துபோயின. ஆனால் நினைவிருக்கட்டும், படம் முந்தியது என்பதால் ஃபோல்டர் முந்தியது ஆகாது.

விலையைக் கேட்டுப் பயப்படாதே, பேரம் பேசு. உவற்றைக் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள்; நயாகரா, வாஷிங்டன், புளோரிடா எல்லாம் குப்பை போல் கிடைக்கும். ஐந்து டொலருக்கு மேல் கொடுக்காதே. அவர் "1920கள்" என்று சொல்லிக் கூட்டிக் கேட்டால் பாலத்தைக் காட்டு. படத்தை வெட்டி எடுத்த ஃபோல்டர், பழுப்பு டேப் ஒட்டியது, நிலவறை மணம் அடிக்கிறது மூன்றையும் தொடாதே. சிலர் ஃபிரேம் போட என்று மடிப்போடு கிழித்து விற்கிறார்கள், அவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்க மனமில்லை எனக்கு.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். 1938க்கும் 1941க்கும் இடையில் அருவிக்குக் கிட்டப் பாலமே இல்லை. அந்த நாட்களில் அச்சான ஃபோல்டரில் என்ன செய்திருப்பார்கள்? விழுந்த பாலத்தையே கூசாமல் தொடர்ந்து விற்றார்களா, தூரிகையால் அழித்தார்களா? அப்படி ஒன்று என் கையில் இன்னும் அகப்படவில்லை. பள்ளத்தாக்குப் படத்தில் பாலம் நிற்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தால், அதற்கு மட்டும் இருபது டொலர் வரை போ. அம்மாவுக்குச் சொல்லாதே.

பிளாஸ்டிக் அல்பத்துக்குள் திணிக்காமல் இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பு. மிளகாய்த்தூள் முடிந்துவிட்டதோ என்று அம்மா கேட்கச் சொன்னா. பெட்டியைப் பார்த்திட்டு போன் எடு, ஆனால் வன்கூவர் நேரத்தில் எட்டு மணி என்று நினைத்து எடுக்காதே, இங்கே பதினொன்றாகிவிடும், மணி அடித்தால் அம்மா பயந்துபோவா.

அன்புடன்
அப்பா