ரிமோட்டில் ஓடும் மாதிரிப் படகு கட்டுகிறவர்கள் கொஞ்சம் கவனிக்கவும்

ஞாயிற்றுக்கிழமைக்கு வரைபடம் அச்செடுத்து வருகிறவர்கள், கடையில் தாளுக்கு ஏற்றபடி சுருக்கச் சொல்லாமல் 100 சதவீத அளவிலேயே எடுங்கள், ஓரத்தில் இருக்கும் அளவுகோட்டை ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் கடையை விட்டு நகராதீர்கள். போன தடவை நான் அளக்காமல் வெட்டி, இரண்டு நாள் வேலை குப்பைக்குப் போனது.

விலாச் சட்டங்களுக்கு 3 மி.மீ. பிளைவுட் போதும். நேரான பலகை மேல் சட்டங்களைத் தலைகீழாக நிறுத்தி, இடப்பக்கம் ஒரு மெல்லிய மரப்பட்டி ஒட்டினால் உடனே வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி ஒட்டுங்கள்; ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் உடல் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் படகு நேராகப் போகவே போகாது. உட்புறமும் எபாக்ஸி பிசின் பூச வேண்டும். புரொப்பல்லர் தண்டுக் குழாயில் கிரீஸ் அடைக்க மறந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறும்.

மோட்டார், சுக்கானைத் திருப்பும் சர்வோ வாங்க சனிக்கிழமை காலை பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளுக்குப் போகிறேன், வருகிறவர்கள் சொல்லுங்கள். அல்சூர் ஏரி ஆசை எல்லோருக்கும் இருக்கிறது, சரி, ஆனால் அனுமதி கேட்காமல் இறக்க வேண்டாம். முதலில் மொட்டைமாடித் தொட்டியில் மிதக்கட்டும்.

ஒட்டிய பட்டிகளைக் கவ்விப் பிடிக்க, வீட்டில் துணி கிளிப் இருந்தால் அள்ளிக்கொண்டு வாருங்கள், எத்தனை இருந்தாலும் பத்தாது.