மேக் ஃபில்டரும் பையனின் போனும்

அன்புள்ள முருகேசா,

புது வீட்டில் பால் காய்ச்சியாயிற்று என்று படித்ததில் சந்தோஷம். ரௌட்டரில் மேக் ஃபில்டர் (கருவியின் மேக் முகவரியைப் பார்த்து உள்ளே விடும் வசதி) போட்டதிலிருந்து பையனின் போன் மட்டும் உள்ளே வரவில்லை என்று எழுதியிருந்தாய். போனில் கோளாறு எதுவும் இல்லை.

மேக் முகவரி என்பது நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண். ஆறு ஜோடி, மொத்தம் 12 இலக்கம் (0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை). முதல் மூன்று ஜோடி, ஐஇஇஇ என்ற தொழில்நுட்பத் தர அமைப்பு தயாரிப்பாளருக்கு ஒதுக்கியது. மீதி மூன்று, அந்தக் கம்பெனி ஒவ்வொரு கருவிக்கும் போடும் எண். நீ போன் செட்டிங்ஸில் பார்த்துக் குறித்துக்கொண்டது அநேகமாக இதைத்தான். ஆனால் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் தாமாக ஒரு முகவரியை உண்டாக்கிக் காட்டுகின்றன. ரௌட்டரின் கண்ணில் படுவது அதுதான். சந்தேகமிருந்தால் ரௌட்டர் பட்டியலில் முகவரியின் இரண்டாவது இலக்கத்தைப் பார். 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது ஆலையில் வைத்த முகவரி இல்லை.

போனில் உன் வீட்டு வைஃபையின் பக்கத்துக்குப் போய், பிரைவசியில் 'டிவைஸ் மேக்' என்று மாற்று. ஐபோனில் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்பதை அணைக்க வேண்டும். வீட்டு வைஃபைக்கு மட்டும் போதும். ரயில்வே ஸ்டேஷனிலும் கடையிலும் போலி முகவரியே இருக்கட்டும்.

லேப்டாப்பில் கேபிள் போர்ட்டுக்கு ஒரு முகவரி, வைஃபைக்கு வேறொன்று. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஏற்றிவிட்டு முழிப்பவர்கள் நிறைய. 'அலௌ' பட்டியலை (இதில் உள்ள கருவிகளுக்கு மட்டும் அனுமதி) இயக்கும் முன் உன் லேப்டாப்பைச் சேர்த்துவிடு, கேபிளையும் செருகி வைத்துக்கொள். பல ரௌட்டர்களில் வைஃபையின் இரு அலைவரிசைகளான 2.4-க்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் தனித்தனிப் பட்டியல். ஒன்றில் மட்டும் போட்டால் பாதி வேலைதான்.

உன் வைஃபைக்குள் நுழைகிற எதிர்வீட்டுப் பையனை 'டினை' (தடுப்பு) பட்டியலில் போட்டு நிறுத்தலாம் என்று நினைக்காதே. அவன் போன் வேறு முகவரி காட்டினால் மறுபடி உள்ளே வந்துவிடுவான். 'அலௌ' பட்டியலும் அவனைத் தடுக்காது. பாஸ்வேர்டு போட்ட வைஃபையிலும் மேக் முகவரி மறைக்கப்படாமல்தான் காற்றில் போகிறது. அதைக் கேட்டுக் காப்பியடிக்கத் தெரிந்தவனுக்குச் சில நிமிட வேலை. பூட்டைத் திறந்து போட்டுவிட்டு வாசலில் பெயர்ப் பட்டியல் ஒட்டுகிற கதை இது. அவனிடம் இருப்பது உன் பாஸ்வேர்டு, அதை மாற்று. வைஃபையின் பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 வை, டபிள்யூபிஎஸ்ஸை (பட்டன் அல்லது பின் எண்ணால் சுலபமாக இணைக்கும் வசதி) அணைத்துவிடு. வந்து போகிறவர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தினருக்கான தனி வைஃபை) கொடு.

பிரிண்டருக்கு மட்டும் மேக் முகவரியைக் கொடுத்து டிஎச்சிபியில் (ரௌட்டர் கருவிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் இடம்) ஒரு நிலையான ஐபி முகவரியை ஒதுக்கிவிடு. பிரிண்டர் அடிக்கடி நெட்வொர்க்கில் காணாமல் போகிறது என்றாயே, அது நிற்கும்.

தங்கச்சியையும் பையனையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்