ஹோம் தியேட்டர்: முதலில் ஸ்பீக்கர், அதன் பிறகு ரிசீவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும், அல்லது தீபாவளிக்கு வீட்டைப் புதுப்பிக்கும்போது, கூடத்தில் ஒரு ஹோம் தியேட்டர் அமைத்துக்கொள்ள நம்மவர்கள் பலர் ஆசைப்படுகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒலிக்கருவிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. பெரும்பாலும் அவர்கள் கேட்பது ரிசீவரை, அதாவது படத்தின் ஒலியைப் பிரித்து ஆற்றல் கூட்டி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டியை, வாங்கி முடித்த பிறகுதான். பணத்தின் பெரும்பகுதியை ரிசீவருக்குக் கொடுத்துவிட்டு, மீந்ததில் ஸ்பீக்கர் வாங்குகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதையும், கடைகள் வாட் கணக்கை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதையும் உங்கள் நாளிதழ் வழியாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சிங்கப்பூரின் பொங்கோலில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன என் அக்கா மகன், ஒன்பது ஸ்பீக்கர்களைத் தனித்தனியாக இயக்கும் ஒன்பது சேனல் ரிசீவர் ஒன்றையும் அதனுடன் கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த ஸ்பீக்கர்களையும் மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) வாங்கியிருந்தான். பால் காய்ச்சிய அன்று மாலை எல்லாரும் உட்கார்ந்து படம் பார்த்தோம். வெடிச் சத்தம் சுவரை அதிரவைத்தது. பத்து நிமிடம் ஆவதற்குள் அக்கா என் பக்கம் சாய்ந்து, “சத்தமெல்லாம் நல்லாக் கேட்குது தம்பி, என்ன பேசுறாங்கன்னுதான் புரியலை” என்றார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, காதில்தான் குறை என்று மகன் நினைத்துவிட்டான்.

நான் குனிந்து பார்த்தேன். நடு ஸ்பீக்கர் தொலைக்காட்சி மேசையின் கீழ்த் தட்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், விளிம்பிலிருந்து உள்ளங்கை அகலம் உள்ளே தள்ளி இருந்தது. அதன் ஒலி எங்கள் முழங்காலை நோக்கியே வந்துகொண்டிருந்தது. அதை விளிம்புவரை இழுத்து, கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க வைக்கும் ரப்பர் ஆப்பு இரண்டை முன்பக்கத்து அடியில் செருகி, முகம் சோபாவைப் பார்க்கும்படி நிமிர்த்தினேன். ரிசீவரில் அந்த ஒரு சேனலை மட்டும் இரண்டு டெசிபெல் (ஒலி அளவின் அலகு) கூட்டினேன். அதற்குப் பிறகு அக்கா, என்ன சொன்னான் என்று யாரிடமும் கேட்கவில்லை.

5.1 முறையில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் (தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) ஒலி சேர்க்கப்பட்ட படங்களில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. தமிழில் லகர, ளகர, ழகரங்களைக் காது பிரித்தறிவது பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் (ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு) வரையிலான பகுதியில் உள்ள வேறுபாட்டைக் கொண்டு. சகர ஒலிகளின் கூர்மை அதற்கும் மேலே இருக்கிறது. ஸ்பீக்கரைத் தட்டுக்குள் ஒளித்து வைத்தால் முதலில் மங்குவது இந்த மேல்பகுதிதான். வயதாகும்போது காதில் முதலில் தேய்வதும் மேல்பகுதியே. அதோடு நம் கூடங்களில் தரை ஓடு, கான்கிரீட் சுவர், கண்ணாடிச் சன்னல் எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. ஆகவே பெற்றோருடன் வாழும் வீட்டில் பணத்தை முதலில் நடு ஸ்பீக்கருக்கு ஒதுக்குவதே முறை என்பது என் உறுதியான கருத்து. சோபாவுக்கு முன்னால் ஒரு தடித்த கம்பளத்தை விரித்தாலே பேச்சுத் தெளிவு கூடும்.

முன்பக்கத்து மூன்று ஸ்பீக்கர்களும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். என் அக்கா மகனுக்கு நடு ஸ்பீக்கர் இலவசமாகக் கிடைத்தது, ஆனால் அது வேறு நிறுவனத்தின் தயாரிப்பு. கதாநாயகன் திரையின் இடப்பக்கத்திலிருந்து பேசிக்கொண்டே நடுவுக்கு நடந்து வரும்போது, சளி பிடித்தவர்போல் அவர் குரல் மாறியது. இதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ரிசீவரின் அமைப்புப் பட்டியலில் சோதனை ஒலி என்று ஒன்று உண்டு. தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் அது இடம், நடு, வலம் என்று ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த மழை இடம் மட்டும் மாற வேண்டும், அதன் ஒலித்தன்மை மாறக்கூடாது. பொருத்தமான நடு ஸ்பீக்கருக்கு இடமோ பணமோ இல்லையென்றால், நல்ல இரண்டு ஸ்பீக்கர்களை மட்டும் வாங்கி, நடு ஸ்பீக்கர் இல்லை என்று ரிசீவரில் அமைத்துக்கொள்ளலாம். நேர் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் குரல் திரையின் நடுவிலிருந்தே வருவதாகத் தோன்றும். பொருந்தாத மூன்றைவிடப் பொருந்திய இரண்டு எவ்வளவோ மேல்.

அடுத்து வாட் விவகாரம். என்னை மிகவும் வருத்துவது இதுதான். 100 வாட் ரிசீவரைவிட 200 வாட் ரிசீவர் இரு மடங்கு சத்தம் தரும் என்றே வாங்குபவர் நம்புகிறார். உண்மையில் ஆற்றலை இரட்டித்தால் கூடுவது மூன்று டெசிபெல்தான். காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றப் பத்து டெசிபெல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். அதே மூன்று டெசிபெல்லை ஸ்பீக்கரின் உணர்திறன் செலவில்லாமல் தந்துவிடும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் 87 டெசிபெல் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை வாங்கினால், பாதி ஆற்றலிலேயே அதே சத்தம் கிடைத்துவிடும். வீவக கூடத்தில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து, வீட்டார் பேச்சைவிடச் சற்று உரக்க வசனம் கேட்பதற்கு ஒரு சேனலுக்கு ஒரு வாட்கூடச் செலவாகாது. மீதமெல்லாம் கண நேர வெடிகளுக்கும் முரசுகளுக்கும்தான். அதற்கும் உண்மையான 80 வாட் நம் வீடுகளுக்குத் தாராளம்.

‘உண்மையான’ என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினேன். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் எப்படி அளக்கப்பட்டது என்பதே கேள்வி. ஒரே ஒரு சேனலை மட்டும் இயக்கி, 6 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) சுமையில், 1,000 ஹெர்ட்ஸ் என்ற ஒற்றைச் சுருதியில், பத்து விழுக்காட்டுத் திரிபுவரை அனுமதித்து அளந்தால் பெரிய எண் வந்துவிடும். பத்து விழுக்காட்டுத் திரிபு என்றால் பாடகரின் குரல் கரகரத்துவிட்டது என்று பொருள். அதே கருவியில் இரண்டு சேனல்களை ஒன்றாக இயக்கி, 8 ஓம் சுமையில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.1 விழுக்காட்டுக்கும் குறைவான திரிபில் அளந்தால் எண் வெகுவாகக் குறையும். பிறகு அந்தப் பெரிய எண்ணை ஒன்பதால் பெருக்கி, ‘மொத்த ஆற்றல்’ என்று போடுகிறார்கள். ஒன்பது சேனல்களும் ஒரே நேரத்தில் அந்த அளவைத் தரப் பெட்டிக்குள் இருக்கும் மின்மாற்றிக்குத் தெம்பு கிடையாது. அமெரிக்காவில் இதற்கு 1974ஆம் ஆண்டிலேயே மத்திய வர்த்தக ஆணையம் விதி வகுத்தது. 2024இல் அதைத் திருத்தி, விளம்பரத்தில் ஆற்றலைக் குறிப்பிடுவதற்கு 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான திரிபு என்று அளவுகோலை நிலைப்படுத்தியது. நம் கடைகளும் விலைச்சீட்டில் அதே நிபந்தனைகளோடு எண்ணைப் போடுவதில் என்ன சிரமம் இருக்க முடியும்?

ஓம் கணக்கையும் கவனிக்க வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கர் ரிசீவரிடமிருந்து அதிக மின்னோட்டத்தை இழுக்கும், கருவி சூடேறும். அதைக் காற்றில்லாத மேசை அறைக்குள் பூட்டி வைத்தவர்கள், படம் நடுவில் நின்றுவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்ததுண்டு. ரிசீவரின் தலைக்கு மேல் ஒரு சாண் இடம் விட்டு, 6 அல்லது 8 ஓம் ஸ்பீக்கர்களையே தேர்ந்தெடுப்பது பெரும்பாலோருக்கு நல்லது. இன்னொன்று, நம் ஊர் ஈரப்பதம். பழைய பொருள் வாங்குபவர்கள் ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் நுரையா ரப்பரா என்று பார்க்க வேண்டும். நுரை வளையம் இந்தத் தட்பவெப்பத்தில் சில ஆண்டுகளில் இற்றுப்போகும். விரல் பட்டதும் நமத்த பிஸ்கட்டைப்போல் உதிர்ந்த வளையங்களை எத்தனையோ முறை மாற்றியிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் தருவிப்பவர்கள் ரிசீவர் 230 வோல்ட்டுக்கு உரியதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் கருவியை இங்கே நேரடியாகச் செருகினால் அது அன்றே கருகிவிடும்.

சப்வூஃபரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நம் தரை கீழ்வீட்டாரின் கூரை. முன் ஸ்பீக்கர்களின் எல்லையை 80 ஹெர்ட்ஸில் வைத்து, அதற்குக் கீழுள்ளதைச் சப்வூஃபரிடம் ஒப்படைப்பது நடைமுறையில் உள்ள வழக்கம். அதைக் கெட்டியான ரப்பர் அல்லது நுரைத் திண்டின்மேல் வைத்து, அண்டை வீட்டுடன் பகிரும் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இரவில் ரிசீவரின் இரவுநேர ஒலி அமைப்பைப் போட்டால் வெடிகள் தணிந்து வசனம் மேலெழும். இந்த வசதியைப் பலர் வாங்கிய நாள் முதல் தொட்டதே இல்லை.

கூரையிலிருந்து ஒலிக்கும் டால்பி அட்மோஸ் முறைக்காகவே ஒன்பது சேனல் தேடுகிறார்கள். ஐந்து ஸ்பீக்கர்களையே சரியான இடத்தில் வைக்க முடியாத கூடத்தில் மேலும் நான்கு சேர்ப்பதால் பயன் இல்லை. நல்ல ஐந்து அல்லது ஏழு சேனல் ரிசீவரும், தானாக அறையை அளந்து சரிசெய்ய உதவும் மைக்கும், தொலைக்காட்சியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் இஏஆர்சி வசதியுள்ள எச்டிஎம்ஐ இணைப்பும் இருந்தால் போதும்.

உங்கள் நாளிதழில் விளம்பரம் கொடுக்கும் மின்பொருள் கடைகளிடம், வாட் எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை சேனல், எத்தனை ஓம், எவ்வளவு திரிபு என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடுமாறு நீங்கள் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். என் அக்கா மகனுக்கு விற்ற கடையிலும் இதையே நேரில் கேட்டேன். விற்பனையாளர் தமக்குத் தெரியாது என்றார், கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அது இருந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்துதான் படித்தோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுத் தொழில்நுட்பர்,
ஜூரோங் வெஸ்ட்.