யாருக்கு எழுதுகிறோம்?

அன்புத் தோழிக்கு,

நலம்தானே? குடும்பக் குழுவில் தமிழில் எழுதும் நான் முகநூலில் மட்டும் ஏன் ஆங்கிலத்துக்குத் தாவுகிறேன் என்று கேட்டிருந்தாய். இரண்டு வாரமாக அதே நினைவு.

அப்பா இறந்த அன்று முகநூலில் முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். உடன் வேலை செய்பவர்களும் பக்கத்து வீட்டாரும் படிக்க வேண்டுமே. எழுதியதைப் படித்தால் வேறு யாருடைய அப்பாவோ இறந்ததுபோல் இருந்தது. அழித்துவிட்டு, "அப்பா போய்விட்டார்" என்று எழுதினேன். அழுகை அப்போதுதான் வந்தது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன்.

மொழியியலாளர் ஆலன் பெல் நியூசிலாந்து வானொலியை ஆராய்ந்தபோது, ஒரே செய்தி வாசிப்பாளர் இரண்டு நிலையங்களுக்கு இரண்டு விதமாக உச்சரிப்பதைக் கண்டார். கேட்பவரைப் பொறுத்தே பேச்சு அமைகிறது என்று 1984-இல் எழுதினார். எனக்கோ இரண்டு நிலையத்து நேயர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த மொழியில் வாய் திறந்தாலும் பாதிப் பேருக்கு முதுகைக் காட்டியதாகிறது. புலம்பெயர்ந்தவர்களுக்கு இது அன்றாடப் பாடு.

இளையவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதாக நீ வருந்துகிறாய். அந்தப் பழக்கத்தைத் தொடங்கியவர்கள் நாம்தான். உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் காட்ட உதவும் பொதுக் குறியீடான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் நம் பழைய கைபேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே தெரியாது. தெரிந்தவற்றிலும் ஒரு குறுஞ்செய்திக்கு ஆங்கில எழுத்தென்றால் 160 இடம், தமிழென்றால் 70தான். காசை மிச்சம் பிடிக்க அன்று நாம் எழுதியதைத்தான் பிள்ளைகள் இன்று எழுதுகிறார்கள்.

என் மகள் பாட்டிக்குக் குரல் செய்திதான் அனுப்புவாள், அதையும் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு. முன்பு ஒருமுறை அவள் தமிழில் எழுதியபோது உறவினர் ஒருவர் குழுவிலேயே பிழை திருத்தினார். அதற்குப் பிறகு ஓராண்டு அவள் அங்கே ஒரு சொல்கூட எழுதவில்லை. பிழையோடு எழுதும் பிள்ளையைப் பலர் முன்னால் திருத்துவது அதன் வாயை அடைப்பதுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன வாரம் அவளாகவே கைபேசியை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி அனுப்பினாள்: "பாட்டி, கால் வழி எப்படி இருக்கிறது?"

நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடமிருந்து உடனே பதில் வந்தது: "குறைந்துவிட்டது கண்ணே. நாளைக்கும் எழுது."

மறுநாளும் எழுதினாள். அடுத்த கடிதத்தில் அவளுக்கும் இரண்டு வரி எழுது, தமிழிலேயே.

உன் தோழி