தம்பிக்கு, ஐப்பசியில் எழுதியது

மன்னார்குடி
ஐப்பசி 12

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை. சம்பா நடவு முடிந்துவிட்டது. வடக்குப் பங்கில் மட்டும் தண்ணீர் வடியாமல் நிற்கிறது, அது எந்த வருஷம் வடிந்தது? பெரியத்தை வீட்டு விஷயம் ஒன்று இருக்கிறது, கடைசியில் எழுதுகிறேன்.

மூன்று ஞாயிறாக உனக்கு வேலை அதிகம் போலிருக்கிறது. கட்டைவிரல் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, அதனால் கவலைப்படவில்லை. வாட்ஸப்பில் எழுதினால் அக்கா படிப்பாள், அப்பா படிப்பார். அதனால்தான் தபால். ஜப்பானில் பனி விழுவதற்குள் உன் புது ஊருக்கு வந்து சேர்ந்தால் சரி.

முதலில் அந்த அடுப்பு. புது வீட்டில் மண்ணெண்ணெய் ஹீட்டர்தான் என்று போன மாதம் ஒரு வரி சொன்னாய். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. நாலு பக்கமும் அடைத்த அறையில் அது எரிந்தால் காற்றிலிருக்கும் பிராணவாயு குறையும். குறைந்தால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் வரும். அசதி என்று நினைத்துப் படுத்துவிடுவாய். மணிக்கு ஒரு தடவையாவது, முடிந்தால் இரண்டு தடவை, ஜன்னலை ஒன்றிரண்டு நிமிஷம் திறந்துவிடு. எதிரெதிரே இரண்டு ஜன்னல் என்றால் இன்னும் நல்லது. அறை குளிர்ந்துவிடும்தான், பரவாயில்லை. படுக்கும்முன் அணைத்துவிட வேண்டும். கஜா புயலின்போது ஜெனரேட்டரைத் திண்ணையில் வைக்கிறேன் என்ற உன் அப்பாவை நான் கொல்லைக்குத் துரத்தியது இதற்காகத்தான்.

எரியும்போது எண்ணெய் ஊற்றாதே. அணைத்து, ஆறவிட்டு, பிறகு ஊற்று. பதினெட்டு லிட்டர் கேன், உன் பக்கம் சிவப்பாக இருக்கும். அதை வெயில் படாத இடத்தில் வை. முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன எண்ணெய் மிச்சம் இருந்தால் தொடாதே. ஒரு கோடையைத் தாண்டிய எண்ணெய் கெட்டுப்போய் மஞ்சளிக்கும், திரியில் கரி படியும், சரியாக எரியாது. சரியாக எரியாவிட்டால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஷிசுவோக்காவில் இருந்தவரைக்கும் தேயிலைத் தோட்டம், வெயில் என்று படம் அனுப்பினாய். இந்தப் புது ஊர் அக்கிதா வேறு கணக்கு. நமக்கு வடகிழக்குக் காற்று வங்கக் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கொட்டுகிறதல்லவா? அங்கே சைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலில் அள்ளி, மலையில் முட்டி, பனியாகக் கொட்டுகிறது. நமக்கு ஐப்பசி கார்த்திகை அடைமழை, உனக்கு மார்கழி தை அடைபனி. கூரை விளிம்புக்குக் கீழே நிற்காதே, பனி மொத்தமாகச் சரியும். நடக்கும்போது காலடியைச் சின்னதாக வைத்துப் பாதம் முழுவதையும் பதி. பனியன் பருத்தியில் வேண்டாம். வேர்வையில் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டைத் தின்னும்.

இன்னொன்று தண்ணீர்க் குழாய். மைனஸ் நாலுக்குக் கீழே போகும் என்று செய்தியில் சொன்னால் அன்று ராத்திரி குழாயில் இருக்கும் தண்ணீரை இறக்கிவிட வேண்டும். வடி வால்வைத் திருப்பி மூடு. பிறகு வீட்டுக் குழாய்களை எல்லாம் திற. காற்று உள்ளே போனால்தான் உள்ளே நிற்கும் தண்ணீர் இறங்கும், பலர் விடுவது இந்த இடத்தில்தான். காலையில் முதலில் குழாய்களை மூடிவிட்டு, அப்புறம் வால்வை மெதுவாகத் திற. மறந்துபோய் உறைந்துவிட்டால் கொதிநீர் ஊற்றாதே, குழாய் வெடிக்கும். துணியைச் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீர் போதும். வால்வு எங்கே என்று வீட்டுக்காரரிடம் இப்போதே கேட்டுவை.

நகராட்சி அலுவலக வேலை முடிந்ததா? பழைய ஊரில் கிளம்புகிறேன் என்று ஒரு பதிவு, புது ஊரில் வந்துவிட்டேன் என்று இன்னொரு பதிவு, குடியேறிய பதினாலு நாளுக்குள். வசிப்பு அட்டையின் பின்பக்கம் புது முகவரி ஏறியிருக்க வேண்டும், நம் ஆதார் மாதிரியான அந்த மை நம்பர் அட்டையிலும்தான். தபால் ஆபீசில் எழுதிக்கொடுத்தால் பழைய முகவரிக்கு வருவதை ஒரு வருஷம் புது வீட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். நீ வந்தது ஆவணியில். உனக்குத் தெரியாதா என்ன, இருந்தாலும் கேட்கிறேன். ரேஷன் கார்டில் பேர் திருத்த ஆறு வருஷம் எடுத்துக்கொண்ட பிள்ளை நீ.

சாப்பாடு. அந்த ஊர் அரிசி நல்ல அரிசி. நமக்கு ஆடுதுறை ரகங்கள் மாதிரி அவர்களுக்கு 1984-இல் வந்த அக்கிதா கொமாச்சி. ஆனால் அதில் இட்லிக்கு ஊறவைக்காதே. அமைலோஸ் என்கிற மாவுச்சத்து குறைந்த அரிசி, இட்லி களி மாதிரி ஒட்டும். தயிர்சாதத்துக்கும் பொங்கலுக்கும் அதை அடிக்க ஆளில்லை. இட்லிக்குப் புழுங்கலரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு டீஸ்பூன். குளிரில் மாவு பொங்காது என்று ரைஸ் குக்கரின் சூட்டில் வைத்துவிடாதே. அது அறுபது டிகிரிக்கு மேல், புளிக்க வைக்கிற கிருமி செத்துப்போகும். தெர்மோகோல் பெட்டியில் மாவுப் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் இரண்டு பாட்டில் வெந்நீர் வை. ஆற ஆற மாற்று. உப்பைப் பொங்கிய பிறகு போடு, முன்னால் போட்டால் இன்னும் மெதுவாகும். இங்கே ஒரு ராத்திரியில் ஆவதற்கு அங்கே பதினாறு மணி நேரம்கூட ஆகலாம். தேங்காயெண்ணெய் கல்லாகியிருக்கும், கெட்டுப்போகவில்லை.

இப்போது பள்ளிக்கூடம். பெரிய பிள்ளைகளை விட்டுச் சின்னப் பிள்ளைகளிடம் போட்டுவிட்டார்கள் என்று உனக்கு வருத்தம். எனக்கு இல்லை. 2020-இலிருந்து அங்கே ஐந்தாம் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் தனிப் பாடம். நாக்கு இன்னும் இளசாக இருக்கிற வயசு. நாற்பத்தைந்து நிமிஷத்தில் நீ மட்டும் பேசாதே, அதுதான் உன் பழக்கம்.

அவர்கள் பஸ்ஸை 'பசு' என்கிறார்கள், ஓட்டலை 'ஹோத்தெரு' என்கிறார்கள். நம் தெருவில் பஸ்ஸு, ஓட்டலு என்பதும் அதே நோய்தான். மெய்யில் முடிந்தால் வாய்க்குப் பிடிக்காது, ஓர் உகரத்தைப் போட்டு மூடிவிடும். நான் முப்பது வருஷம் பிள்ளைகளை அந்த உகரத்தை விழுங்கவைத்தது ஒரே வழியில்: சொல்லில் வரும் ஒவ்வோர் உயிரொலிக்கும் ஒரு கைதட்டு. பஸ் என்றால் ஒரு தட்டு, 'பசு' என்றால் இரண்டு. தட்டு கூடினால் அவர்களே சிரித்துத் திருத்திக்கொள்வார்கள்.

எல், ஆர் தகராறுக்கு ஒன்று யோசித்தேன். அவர்களுடைய ஒற்றை ஒலி நம் ர மாதிரி, நுனிநாக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கும். ஆங்கில ஆர் அப்படியில்லை, நுனிநாக்கு எங்கேயும் படக் கூடாது. நம் ழ-வை நினைத்துக்கொள், அமெரிக்கக்காரன் ஆர் அதற்குப் பக்கத்து வீடு. எல்லுக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் ஒட்டி நிற்க வேண்டும். இரண்டு வாரம் காதுக்கு மட்டும் பயிற்சி கொடு. நீ சொல்லு, அவர்கள் இரண்டு நிற அட்டையில் ஒன்றைத் தூக்கட்டும். காதில் பிரியாததை நாக்கு பிரிக்காது. 'வாளப்பளம்' என்று சொல்கிற ஊரிலிருந்து போய் நீ ழ சொல்லிக்கொடுக்கப் போகிறாய், டீச்சர்கள் ஓய்வறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அடுப்பு விஷயத்தை மறக்காதே. கார்பன் மோனாக்சைடுக்கு அலறும் கருவி கடையில் கிடைக்கும், ஒன்று வாங்கு. காசு நான் அனுப்புகிறேன்.

இன்னொன்று எழுத வேண்டும். மாறுதல் உத்தரவு வந்த ராத்திரி நீ கூப்பிட்டு, "வந்துடட்டுமாம்மா?" என்று கேட்டாய். "ரெண்டு மாசத்துல பழகிடும். பாதியில வந்தா ஊர்ல என்ன சொல்லுவாங்க" என்றேன். நீ சரி என்று வைத்துவிட்டாய். நீ ஆறாவது படிக்கும்போது எனக்கு வேதாரண்யம் பக்கம் மாறுதல் போட்டார்கள். நான் போகவே இல்லை. இல்லாத முதுகுவலிக்குச் சான்றிதழ் வாங்கி விடுப்புப் போட்டு, ஆளைப் பிடித்து, நாலு மாதத்தில் ரத்து செய்துகொண்டேன். எனக்குப் பதிலாக ஒரு டீச்சர் கைக்குழந்தையோடு அங்கே போனாள். முதுகுவலி பொய் என்று உன் அப்பாவுக்கு இன்றைக்கும் தெரியாது, நாலு மாதமும் ராத்திரி தைலம் தேய்த்துவிட்டார். எண்பது கிலோமீட்டர்கூட இல்லாத ஊருக்குப் பழகாதவள் உன்னிடம் பழகிடும் என்று சொன்னேன்.

அன்றைக்குக் கேட்டதை இன்னொரு தரம் கேள். ஞாயிற்றுக்கிழமைதான் என்றில்லை, எந்த நேரமானாலும் சரி.

தீபாவளிக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. மோர்மிளகாயும் பருப்புப் பொடியும் தனியாகப் பார்சலில் வருகிறது. தாள் முடிந்துவிட்டது, பெரியத்தை வீட்டு விஷயம் அடுத்ததில். ராத்திரி அடுப்பை அணைத்துவிட்டுத்தானே படுக்கிறாய்?

அம்மா