கதிருக்கு: வீட்டில் வாசிக்க ஒரு வால்வு ஆம்ப்

அன்புள்ள கதிருக்கு,

வீட்டில் கிட்டாரில் மெட்டல் வாசிக்க ஒரு வால்வு ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கருவி) வாங்கவேண்டும் என்று நீ அனுப்பிய மூன்று ஆம்ப்களையும் பார்த்தேன். மூன்றுமே 5 வாட், மூன்றுமே 8 அங்குல ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டியில் வைத்த காம்போ. வாட் குறைந்தால் சத்தம் குறையும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டமாட்டார் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். அந்தக் கணக்கு தப்பு. பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு.

காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரியவேண்டுமானால் வாட் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறையவேண்டும். 50 வாட் ஆம்பிலிருந்து 5 வாட் ஆம்புக்கு வந்தால் குறைவது 10 டெசிபல்தான். இன்னொரு பக்கம், கிட்டார் ஸ்பீக்கர்கள் மிகக் குறைந்த மின்சாரத்திலேயே உரக்கக் கத்தும்படி செய்யப்பட்டவை. செலஸ்டியன் விண்டேஜ் 30 என்ற ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல். 5 வாட் கொடுத்தால் 107. பர்மிங்காமில் நீ இருக்கிற மாதிரி இரண்டு பக்கமும் பொதுச்சுவர் உள்ள வரிசை வீட்டில் ஒரு வாட்டைக்கூட முழுதாகத் திறக்க முடியாது. எந்த ஆம்பை வாங்கினாலும் நீ வாசிக்கப்போவது ஒரு வாட்டுக்கும் கீழேதான். அதனால் 5 வாட்டா, 20 வாட்டா என்பதை விட்டுவிடு. அந்தக் குறைந்த சத்தத்தில் எது நல்ல தொனி தருகிறது என்று மட்டும் பார்.

அதற்கு டிஸ்டார்ஷன், அதாவது ஒலி கரகரவென்று உடைவது, ஆம்பில் எங்கே பிறக்கிறது என்பது தெரியவேண்டும். பழைய ராக்கில் பாதி ருசி, கடைசிக் கட்டத்தில் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்விலிருந்து வருகிறது. வால்யூமை ஏற்ற ஏற்ற பவர் வால்வும் அதை ஸ்பீக்கரோடு சேர்க்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் திணறி, தொனி தடித்துச் சற்றே அமுங்கும். மெட்டல் அப்படியில்லை. அதன் டிஸ்டார்ஷன் பெரும்பாலும், கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்பில் உண்டாவது: 12ஏஎக்ஸ்7 என்ற சிறு வால்வின் மூன்று நான்கு கெயின் (பெருக்கும்) நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் முந்தையது வெட்டிய அலையை மறுபடி வெட்டும். நடுவில் அங்கங்கே பேஸைக் கழித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கும் பாம் மியூட் சேறாகிவிடும். மெட்டலில் பவர் ஆம்பின் வேலை, ப்ரீஆம்ப் செய்ததைக் கெடுக்காமல் ஸ்பீக்கருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதற்குக் கையில் கொஞ்சம் வலு மிச்சம் இருக்கவேண்டும். கீழ் E கம்பியை இறுக்கி அடிக்கும்போது சிறிய ஒற்றை வால்வு பவர் ஆம்ப் சீக்கிரமே மூச்சுவாங்கிவிடும். பேஸ்தான் முதலில் குழையும்.

உன் பட்டியலில் முதலாவதாக இருப்பது பழைய ஃபெண்டர் சாம்ப் வழிவந்த சர்க்யூட். ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6 பவர் வால்வு, கெயினைத் தொடாமல் மொத்தச் சத்தத்தைக் குறைக்கும் மாஸ்டர் வால்யூம் தனியாகக் கிடையாது. புளூஸுக்கு அருமையான ஆம்ப், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கெயின் நிலை இரண்டே இரண்டுதான். முன்னால் காலால் அழுத்தும் எந்த எஃபெக்ட் பெடலைப் போட்டாலும் நீ தேடுகிற இறுக்கம் அதில் வராது. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு.

இப்போது ஸ்பீக்கர். எல்லோரும் ஹெட்டை (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) பற்றியே பேசுகிறார்கள். காசில் சரிபாதி ஸ்பீக்கருக்கும் பெட்டிக்கும் போகவேண்டும் என்பது என் கட்சி. சாதாரண டியூனிங்கில் கீழ்க்கம்பி 82 ஹெர்ட்ஸ். கம்பியைத் தளர்த்தி இறக்கும் டிராப் D என்றால் 73, டிராப் C என்றால் 65. முன்பக்கம் 8 அங்குல ஸ்பீக்கரும் பின்பக்கம் திறப்புமாக ஒரு சின்னக் காம்போவில் அந்த அடித்தளம் காதுக்கு வந்துசேராது. பின்பக்கம் திறந்த பெட்டியில் ஸ்பீக்கரின் முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அடி விழுவது பேஸுக்குத்தான். நீ கேட்கிற ‘ஜக் ஜக்’ என்ற அடிக்கு, பின்பக்கம் மூடிய பெட்டியில் ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் வேண்டும். ஒன்றே போதும். 5 வாட் ஆம்பை இப்படிப்பட்ட பெட்டியில் இணைத்துக் கேட்டால் வேறு ஆம்ப் மாதிரி இருக்கும்.

எந்த ஸ்பீக்கர் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விண்டேஜ் 30 மெட்டலில் நிறையப் பேர் கேட்டுப் பழகிய தொனி. 60 வாட் தாங்கும், மேல்நடு அலைகள் முன்னால் துருத்தி நிற்கும். அதே கம்பெனியின் ஜி12எம்-65 கிரீம்பேக் 65 வாட் தாங்கும், ஆனால் உணர்திறன் (1 வாட்டில் எழும் சத்தம்) 97 டெசிபல். 3 டெசிபல் குறைவு என்றால் ஆம்பின் வாட்டைப் பாதியாக்கியதற்குச் சமம். சின்ன அறைக்கு எனக்குக் கிரீம்பேக்தான் பிடிக்கும். குறைந்த சத்தத்தில் காதைக் குத்தாது. 25 வாட்டே தாங்கும் கிரீன்பேக் என்ற வேறு ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் 20 வாட் ஹெட்டோடு இணைக்காதே. டிஸ்டார்ஷனில் முழுதாக ஓட்டும்போது 20 வாட் ஆம்ப் 30 வாட்டையும் தாண்டும். வீட்டில் நீ ஓட்டப்போவதில்லை, ஆனால் நண்பர்களோடு ஒருநாள் ஓட்டுவாய். ஸ்பீக்கர் தாங்கும் அளவு ஆம்பின் வாட்டைப்போல் இருமடங்கு இருக்கட்டும்.

ஹெட்டுக்கு வருகிறேன். 15 முதல் 20 வாட், தனி மாஸ்டர் வால்யூம், எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் கருவி இணைக்கும் வழி), வாட்டைக் குறைக்கும் சுவிட்ச்: இந்த நான்கும் உள்ளதாகத் தேடு. பீவி 6505 எம்ஹெச்சில் இரண்டு இஎல்84 பவர் வால்வு. 20, 5, 1 வாட் என்று மாற்றலாம். கம்ப்யூட்டரில் பதிவுசெய்ய யுஎஸ்பியும் உண்டு. எங்கிள் அயர்ன்பாலும் இரண்டு இஎல்84, அதே 20, 5, 1. கூடவே ஸ்பீக்கரை முழுக்க நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக மின்சக்தியை வாங்கிக்கொள்ளும் சுமையை உள்ளேயே கொடுத்து ஓட்டும் வசதியும் இருக்கிறது. அதன் கெயின் இறுக்கமானது, சற்று இருண்டது. நவீன மெட்டலுக்கு என் முதல் தேர்வு அதுதான். மார்ஷல் டிஎஸ்எல்20 இரண்டு இஎல்34 வைத்தது, 20க்கும் 10க்கும் மாற்றலாம். பழைய ராக்கும் கொஞ்சம் மெட்டலும் கலந்து வாசிப்பவருக்கு அது பொருந்தும். இறுக்கத்துக்கு முன்னால் ஒரு பெடல் தேவைப்படும். உன் ஊர்க் கம்பெனியான லேனியின் அயர்ன்ஹார்ட் 15இல் ஒரு வாட்டுக்கும் கீழே ஓட்டத் தனி இன்புட் இருக்கிறது. பிளாக் சாபத் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி ஆரம்பக் காலத்திலிருந்தே லேனி வாசித்தவர் என்பது அந்த ஊரில் இருக்கும் உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பழைய பொருளாக அங்கே கிடைத்தால் தவறவிடாதே.

பணம் இடித்தால் ஆரஞ்ச் மைக்ரோ டார்க்கைப் பார். ப்ரீஆம்பில் ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7, பவர் ஆம்ப் டிரான்ஸிஸ்டர், 20 வாட். முழு வால்வு இல்லையே என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. மெட்டல் டிஸ்டார்ஷன் ப்ரீஆம்பில் பிறப்பதால் உனக்கு அது பெரிய நஷ்டமில்லை. மிச்சமாகும் காசில் நல்ல 12 அங்குலப் பெட்டி வாங்கலாம். 5 வாட் முழு வால்வு ஆம்பையும் 8 அங்குலப் பெட்டியையும் விட இந்த ஜோடி நன்றாக இருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

வாட் சுவிட்சிடம் அற்புதத்தை எதிர்பார்க்காதே. 20இலிருந்து 1 வாட்டுக்கு மாற்றினால் குறைவது 13 டெசிபல். உனக்கு இன்னும் குறையவேண்டும், அதை மாஸ்டரில்தான் குறைக்கவேண்டும். அங்கே ஒரு தொல்லை வரும்: குமிழ் பூஜ்யத்தில் சத்தமே இருக்காது, மயிரிழை திருப்பினால் வீடே அதிரும். லூப்பில் வால்யூமைக் குறைக்கும் ஒரு சின்னக் கருவியையோ ஈக்யூ பெடலையோ போட்டு அங்கே அளவைக் குறைத்துவிட்டால், மாஸ்டரை 3, 4 வரை ஏற்றி நிதானமாகச் சரிசெய்யலாம். லூப் கேட்டதற்கு முக்கியக் காரணமே இதுதான். டிலே, ரிவெர்ப் எல்லாம் அதற்கு அப்புறம்.

அடுத்து, எதை மறந்தாலும் இதை மறக்காதே. வால்வு பவர் ஆம்பை ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாகச் சுமை கொடுக்கும் லோட் பாக்ஸோ இணைக்காமல் ஒருபோதும் ஓட்டாதே. சுமை இல்லாதபோது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுருளில் மின்னழுத்தம் தாறுமாறாக எகிறும். காப்பு உடைந்து பொறி பறக்கும். டிரான்ஸ்ஃபார்மரோ, வால்வோ, சாக்கெட்டோ போய்விடும். ஆம்பிலேயே உள்சுமை இருக்கிறது என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் விலக்கு. ஓம் (மின்தடை அளவு) பொருந்தவேண்டும்: 8 ஓம் பெட்டி 8 ஓம் சாக்கெட்டில், 16 ஓம் பெட்டி 16இல். 16 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகப் போட்டால் 8 ஆகும். பெட்டிக்குப் போகும் ஒயர் ஸ்பீக்கர் கேபிளாக இருக்கட்டும். கிட்டார் கேபிளிலும் அதே முனைதான் இருக்கும், உள்ளே கம்பி மெலிது. சூடாகி அறுந்தால் மறுபடி சுமையில்லாத கதைதான். வாங்கியதுமே ஒயரில் சிவப்பு டேப் சுற்றிவை.

இங்கிலாந்தில் இரவு 11 முதல் காலை 7 வரை சத்தத்துக்குச் சட்டம் கடுமை. அந்த நேரத்தில் வாசிக்க டூ நோட்ஸ் கேப்டர் மாதிரி ஒரு லோட் பாக்ஸ் போதும். ஆம்பின் ஸ்பீக்கர் சாக்கெட்டிலிருந்து அதற்கு, அதிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு, கம்ப்யூட்டரில் பெட்டியின் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பிடித்துவைத்த கோப்பு) ஏற்றி ஹெட்ஃபோனில் கேள். ஐஆர் போடாமல் கேட்டால் தேனீக்கூட்டைக் காதில் வைத்த மாதிரி இருக்கும். ஆம்ப் கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதே.

பழைய ஆம்ப் பார்க்கப் போகும்போது உன் கிட்டாரை எடுத்துப்போ. குறைந்தது அரைமணி நேரம் ஓடவிடு. சூடேறிய பிறகுதான் பல கோளாறுகள் தலைகாட்டும். கெயினைப் பாதியில் வைத்து, ஒரு பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு ப்ரீஆம்ப் வால்வையும் லேசாகத் தட்டு. ஸ்பீக்கரில் சின்னதாக ‘டொக்’ என்று கேட்டால் பரவாயில்லை. மணியடித்த மாதிரி இழுத்தாலோ ஊளையிட்டாலோ அந்த வால்வு மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது. இன்புட்டுக்கு அடுத்துள்ள முதல் வால்வுதான் அடிக்கடி இப்படிப் போகும். அது சின்னச் செலவு, விலையில் கழித்துக் கேள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பவர் வால்வைப் பார். நடுவில் ஆரஞ்சு இழை ஒளிர்வது இயல்பு. கண்ணாடியில் நீலச்சாயல் தெரிந்தாலும் பெரும்பாலும் கோளாறில்லை. வெளியே சாம்பல் நிறத்தில் தெரியும் தகடே மங்கிய சிவப்பாகப் பழுக்க ஆரம்பித்தால் உடனே அணைக்கச் சொல். பயாஸ் (வால்வு ஓய்வில் இழுக்கும் மின்சாரத்தை நிர்ணயிக்கும் அமைப்பு) போய்விட்டது, அல்லது ஒரு கபாஸிட்டர் கசிகிறது. அந்த ஆம்ப் வேண்டாம். குமிழைத் திருப்பும்போது கரகரப்பது அழுக்கு, கான்டாக்ட் கிளீனரில் போய்விடும். நேரம் போகப்போக ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கூடிக்கொண்டே வந்தால் ஃபில்டர் கபாஸிட்டரைச் சந்தேகி.

மூடியைக் கழற்றி உள்ளே கைவைக்காதே. 300 வோல்ட்டுக்கும் மேலே ஓடும் பொருள் அது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாஸிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும், ஆளைக் கொல்லும். தானே சரிசெய்துகொள்ளும் கேத்தோடு பயாஸ் என்றால் வால்வை நீயே மாற்றலாம், அணைத்து ஆறவிட்ட பிறகு. கையால் அளந்து அமைக்கவேண்டிய ஃபிக்ஸட் பயாஸ் என்றால் தெரிந்தவரிடம் கொடு.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் தரையில் வைக்காதே. பலகைத் தரை வழியாகப் பேஸ் நேரே பக்கத்து வீட்டுக்குப் போகும். தடித்த ஃபோமும் அதற்குக் கீழே ஒரு ஸ்டூலும் போடு. உயரத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கிட்டார் ஸ்பீக்கரின் டிரெபிள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். பெட்டி கணுக்காலில் இருந்தால் உனக்கு மந்தமாகக் கேட்கும், டிரெபிளை ஏற்றிக்கொண்டே போவாய்.

ஆரம்பத்துக்கு கெயின் 5, பேஸ் 4, மிட் 6, டிரெபிள் 5, பிரசென்ஸ் 5. மிட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கும் பழக்கம் வேண்டாம். தனியாக வாசிக்கும்போது அழகாகத் தெரியும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் உன் கிட்டார் காணாமல் போகும். இறுக்கம் போதாவிட்டால் முன்னால் ஒரு டியூப் ஸ்க்ரீமர்: டிரைவ் பூஜ்யம், டோன் பாதி, லெவல் ஏறக்குறைய முழுக்க. அந்தப் பெடல் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மற்றதைப்போல் பெருக்காது. கொழகொழப்பு ஆம்பின் கெயினுக்குள் போவதற்கு முன்பே குறைந்துவிடும். இரைச்சலுக்கு நாய்ஸ் கேட் போடும்போது, கை எடுத்ததும் ‘ஸ்ஸ்’ நிற்கிற இடத்தில் நிறுத்து. அதற்கு மேலே ஏற்றினால் நீளமாக இழுக்கும் சுரங்கள் பாதியில் வெட்டுப்படும். குறைந்த சத்தத்தில் நம் காது பேஸைச் சரியாக வாங்காது, அதனால் வீட்டில் பேஸைக் கொஞ்சம் கூட்டுவாய். வெளியே உரக்க வாசிக்கும் நாளில் அதை முதலில் இறக்கு.

நம் ஊரிலும் அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிற்பாடு ஆம்பை இங்கே கொண்டுவந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும், எர்த் உள்ள மூன்று முனைப் பிளக்காக. அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் ஆம்பை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எடுக்காதே.

எதையாவது பார்த்துப் பிடித்துப்போனால், பணம் கொடுப்பதற்கு முன் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பு. ஓம் எழுதிய சாக்கெட்டுகளும் ஃபியூஸ் அளவும் தெளிவாகத் தெரியட்டும்.

அன்புடன்,
அம்மா