தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் எங்கள் நன்றி மடல்

அன்புடையீர்,

2025 மே மாதம் இராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் நடந்த எங்கள் திருமணத்துக்கு வந்து வாழ்த்திய அனைவருக்கும், என் கணவர் சார்பிலும் என் சார்பிலும் வணக்கம். மேடையில் கைகூப்பியதோடு தீர்ந்துவிடாத கடன்கள் சில இருப்பதால், அவற்றை விவரமாகவே எழுதுகிறோம்.

நாங்கள் இருவரும் ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே பள்ளிக்கு நடந்து, பெரியவர்களோடு தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) கடற்பாசி எடுக்கவும் ஒன்றாகப் போனவர்கள். என் அப்பாவுக்கு நாட்டுப்படகு. என் கணவருடைய அப்பா விசைப்படகு ஓட்டுநர். வாரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று 1993 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாட்டையும், கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்னும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இத்தீவில் அறியாதவர் இல்லை. அந்த ஏற்பாடு மீறப்பட்ட ஓர் இரவில், விசைப்படகு ஒன்றின் இழுவை மடியில் (இழுவலையில்) சிக்கி அப்பாவின் வலை முழுவதும் போயிற்று. யாருடைய படகு என்ற வாக்குவாதத்தில் இரு வீட்டாரும் நல்லது கெட்டதுக்குக்கூடப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். பள்ளிப் பிள்ளைகளாக இருந்த எங்கள் பேச்சும் அன்றோடு நின்றது. பின்னர் நான் படிப்புக்கும் வேலைக்கும் மதுரை சென்றேன். என் கணவர் தம் அப்பாவைப் போலவே விசைப்படகில் ஏறினார்.

முதல் நன்றி, இரண்டு வீட்டுத் திண்ணையிலும் உட்காரும் உரிமையை எந்தக் காலத்திலும் விட்டுக்கொடுக்காத, பாசி எடுக்கும் பெரியம்மாவுக்கு. ஒரு வீட்டில் கேட்டதை மறுவீட்டில் சொல்லாதிருந்ததே அவர் செய்த பேருதவி. அவர் கேட்டுக்கொண்டதால்தான் ஊர்க் கமிட்டிப் பெரியவர்கள் பழைய வழக்கை மறுபடி எடுத்தார்கள். ஈட்டுத்தொகை தருவதாக மாமனார் சொன்னபோது, "பணம் வேண்டாம், வலையைக் கட்டிக் கொடுங்கள்" என்றார் அப்பா. அந்த ஆண்டு விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலத்தில் கயிறு கோத்து, மிதவையும் ஈயமும் கட்டுவதற்காக இன்று என் கணவராகியிருப்பவர் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தார். விடுப்பில் வந்திருந்த நான் நூல் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவு பெரிய வலை தேவைதானா என்று அப்பாவை இன்றும் சிலர் கேலி செய்கிறார்கள்; அவர் பதில் சொல்வதில்லை.

பாஸ்கா (ஈஸ்டர்) முடிந்து, கோயிலில் மூன்று ஞாயிறு அறிவிக்கும் திருமண ஓலைகளையும் வாசித்துத் திருமணத்தை நடத்திவைத்த பங்குத்தந்தைக்கும், ஓலை வாசித்த ஞாயிறுகளில் முன்வரிசையில் வந்து அமர்ந்த இரு வீட்டு உறவினருக்கும் நன்றி. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில் இல்லாதிருந்த தீவுக்கு, ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு மதுரையிலிருந்து ரயிலிலேயே வந்திறங்கிய என் தோழியருக்கும் அன்பு.

நாட்டுப்படகுக்காரர்களுக்கு நாங்கள் பட்டிருப்பது வேறு வகைக் கடன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், அவ்வீடுகளில் கல்யாணம் வைக்க அதுவே தோதான காலம். நாட்டுப்படகுக்கோ அந்தத் தடை இல்லை. வரத்துக் குறைந்து மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் நாள்களும் அவைதாம். அந்த வருமானத்தை விட்டுவிட்டு, விசைப்படகு வீட்டு மாப்பிள்ளையின் கல்யாணத்துக்கு அப்பாவின் கூட்டாளிகள் குடும்பத்தோடு வந்து, பந்தியில் பரிமாறவும் செய்தார்கள். எந்த மொய்க் கணக்கிலும் இதை எழுத முடியாது. மாமனார் ஒவ்வொருவரையும் கைபிடித்து அழைத்து உட்காரவைத்ததைக் கண்டவர்களுக்கு நாங்கள் மேலும் சொல்ல வேண்டியதில்லை.

அன்று கடலில் இருந்ததால் வர இயலாதவர்கள், எந்த ஞாயிற்றுக்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வர வேண்டுகிறோம். பெரியம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும்.

நன்றியுடன்,
மணமக்கள்